தேய்க்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது?

கண் நலம்: வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

போன இதழில் கெரட்டோகோனஸ் பற்றி, 'இளவயதில் கருவிழி மெலிந்து கூம்பாகும் நோய்' என்று ஒரே ஒரு வரிதான் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. கண்புரை கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை முழுக்க இதுதான்.

முதலில் ஒரு சொல் பஞ்சாயத்து. கார்னியாவைத் தமிழில் கருவிழி என்கிறோம். ஆனால் அதில் கறுப்பே கிடையாது. கைக்கடிகாரத்தின் மேல்கண்ணாடி மாதிரி கண்ணின் முன்பக்கம் குவிந்து நிற்கிற தெளிந்த திசு அது. நமக்குத் தெரிகிற கறுப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. நடுவில் அதன் தடிமன் சுமார் 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கண்ணுக்குள் வரும் ஒளியை வளைத்துக் குவிக்கிற வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இந்தச் சன்னமான தகடுதான் செய்கிறது. கெரட்டோகோனஸில் இது மெலிந்து, கண்ணுக்குள்ளிருந்து வரும் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் முன்னால் தள்ளுகிறது. சைக்கிள் டியூபில் தேய்ந்த இடம் மட்டும் புடைத்துக்கொள்ளுமே, அப்படி. சரி, கடிதங்களுக்கு வருவோம்.

என் மகனுக்கு 15 வயது. ஒன்றரை வருடத்தில் நான்கு தடவை கண்ணாடி மாற்றிவிட்டோம். ஒவ்வொரு தடவையும் சிலிண்டர் பவர்தான் ஏறுகிறது. புதுக் கண்ணாடி போட்டும் "எழுத்துக்குப் பக்கத்துல நிழல் மாதிரி இன்னொரு எழுத்து தெரியுதும்மா" என்கிறான். போன் பார்த்துப் பார்த்துக் கெடுத்துக்கொண்டான் என்று வீட்டில் எல்லோரும் திட்டுகிறோம். வேறு ஏதாவது இருக்குமா டாக்டர்?

திட்டுவதை நிறுத்திவிட்டு, கார்னியல் டோப்போகிராபி என்ற பரிசோதனைக்கு அவனை அழைத்துப் போங்கள் அம்மா. இந்த வாரமே. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் இதே வயதில் ஒரு பையன் வந்தான். முதல் தடவை சிலிண்டர், அதாவது கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வளையாததைச் சரிக்கட்டும் பவர், ஒன்றரை. ஏழு மாதம் கழித்து இரண்டே முக்கால். இரண்டு தடவையும் கண்ணாடி எழுதிக் கொடுத்தது நான்தான். மூன்றாம் தடவை அவனை இருட்டறையில் உட்காரவைத்து ரெட்டினோஸ்கோப்பின் ஒளிக்கீற்றைக் கண்ணில் அடித்து மெதுவாக அசைத்தேன். ஒரே பட்டையாக நகர வேண்டிய வெளிச்சம் நடுவில் பிளந்து, கத்தரிக்கோலின் இரண்டு அலகு மாதிரி திறந்து மூடியது. பாடப்புத்தகத்தில் படித்த அதே கத்தரிக்கோல். முதல் இரண்டு தடவையும் அது அங்கேதான் இருந்திருக்கும். வெளியே கூட்டம் காத்திருக்கிறது என்று மெஷின் துப்பிய எண்ணை நம்பி அனுப்பிவிட்டேன். அதற்குள் அவன் வலது கண்ணில் கூம்பு நன்றாக ஏறிவிட்டிருந்தது. அதற்குப் பிறகு, இளவயதில் சிலிண்டர் ஏறிக்கொண்டே போனால் டோப்போகிராபி பார்க்காமல் நான் சீட்டு எழுதுவதில்லை.

பரிசோதனை வலிக்காது. தாடையை வைத்து உட்கார்ந்து, வட்டம் வட்டமாக இருக்கும் ஒளி வளையங்களை நேராகப் பார்த்தால் போதும். அவை கருவிழியில் எப்படிப் பிரதிபலிக்கின்றன என்பதை வைத்து ஒரு வண்ணப் படம் வரும். தட்டையான இடம் நீலம், செங்குத்தான இடம் சிவப்பு. சாதாரணக் கருவிழியின் வளைவு 43, 44 டயாப்டர் (ஒளியை வளைக்கும் திறனின் அளவு) வாக்கில் இருக்கும். படத்தின் கீழ்ப்பாதியில் ஒரு சிவப்புத் திட்டு உட்கார்ந்துகொண்டு 48, 50 என்று எண் காட்டினால் சந்தேகம் அநேகமாக உறுதி. கருவிழியின் தடிமனையும் பின்பக்க வளைவையும் சேர்த்து அளக்கிற கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. ஆரம்பநிலையை அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

அதுவரை வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள். ஒற்றைக் கண்ணிலும் நிழல் எழுத்து தெரிகிறதா? அடுத்து, ஒரு அட்டையில் குண்டூசியால் ஓட்டை போட்டு அதன் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். நிழல் மறைந்து எழுத்து கூராகத் தெரிந்தால், ஒளி உள்ளே நுழைகிற வழியில்தான் கோளாறு என்று கொள்ளலாம். எந்த நோய் என்பதை இது சொல்லாது. பையன் கதை கட்டவில்லை என்பது வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியும்.

கெரட்டோகோனஸ்தான் என்று வந்தால், இந்த வயதில் அது வேகமாக ஏறக்கூடியது. 'ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்' என்று யாராவது சொன்னால், ஏன் இப்போதே நிறுத்தக் கூடாது என்று கேளுங்கள். அவனுக்கு அண்ணன், தங்கை இருந்தால் அவர்களுக்கும் ஒரு டோப்போகிராபி எடுத்துவிடுங்கள்.

எனக்கு 22 வயது. அலர்ஜியால் கண் அரிக்கும். விரல் முட்டியை வைத்து நன்றாக அழுத்தித் தேய்த்தால்தான் அடங்கும். தேய்க்காதே என்று என் டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். தேய்ப்பதால் இவ்வளவு பெரிய நோய் வருமா என்ன?

அந்தச் சுகம் எனக்கும் தெரியும் தம்பி. கண்ணுக்குள் நட்சத்திரம் பறக்கும்வரை தேய்க்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். தேய்ப்பது மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் ஏற்கெனவே மெலிந்த தகட்டின் மேல் முட்டியை வைத்து நாளுக்கு முப்பது தடவை அரைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். ஒரு பக்கமாகப் படுத்து எப்போதும் ஒரே கண்ணைத் தேய்க்கிறவர்களுக்கு அந்தக் கண்ணே அதிகம் கெட்டிருப்பதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. தேய்த்தால் அரிப்பு அடங்குவது போலத் தோன்றுவது ஏமாற்று. தேய்க்கத் தேய்க்க இமைத்தோலின் உள்பக்கத்தில் அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமின் இன்னும் அதிகமாகக் கசியும், பத்து நிமிடத்தில் திரும்ப அரிக்கும். அதனால் வைத்தியம் கைக்கு இல்லை, அரிப்புக்கு. அலர்ஜிக்கான சொட்டு மருந்தை அரிக்கும்போது மட்டும் இல்லாமல், டாக்டர் சொன்ன நாள்வரை ஒழுங்காகப் போடுங்கள். பதப்படுத்தும் ரசாயனம் கலக்காத செயற்கைக் கண்ணீரைப் பிரிட்ஜில் வைத்து, அரிப்பு வந்த நிமிடம் ஒரு சொட்டு விடுங்கள். குளிர்ந்த ஈரத்துணியை மூடிய இமைமேல் சும்மா வையுங்கள், அழுத்த வேண்டாம். கை கேட்கவே இல்லையென்றால் புருவ எலும்பைத் தேய்த்துக்கொள்ளுங்கள். எலும்புக்கு ஒன்றும் ஆகாது.

ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அரிப்பு மாயமாக நிற்கும். மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தமும் புரையும் சத்தமில்லாமல் வந்து சேரும். இரவில் குப்புறப் படுத்துத் தலையணையில் கண்ணை அழுத்தும் பழக்கம் இருந்தால் அதையும் மாற்றுங்கள். தூக்கத்தில் தேய்க்கிறீர்களா என்று உங்களுக்கே தெரியாது, வீட்டில் விசாரியுங்கள்.

மூன்று மாதத்துக்கு முன் இரண்டு கண்ணுக்கும் கிராஸ்லிங்கிங் செய்துகொண்டேன் (வயது 19). பார்வை முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் மங்கல்தான். ஏமாந்துவிட்டேனா?

இல்லை. ஆனால் உங்களுக்கு யாரோ சரியாக விளக்கவில்லை. இந்த நோயில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒன்று, கூம்பு மேலும் ஏறாமல் நிறுத்துவது. இன்னொன்று, இருக்கிற கூம்பை வைத்துக்கொண்டு தெளிவாகப் பார்ப்பது. கிராஸ்லிங்கிங் முதல் வேலைக்கு. லென்ஸும் கண்ணாடியும் இரண்டாவது வேலைக்கு. இதை ஒவ்வொரு நோயாளியிடமும் ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டு எழுதிக் காட்டுகிறேன். அப்படியும் பாதிப் பேர் மூன்றாம் மாதம் உங்களைப் போலவே கோபத்தோடு வருகிறார்கள்.

உங்கள் கண்ணில் என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். கருவிழிக்குப் பலம் தருவது கொலாஜன் இழைகள். கயிற்றுக் கட்டிலில் கயிறு தளர்ந்தால் நடு தொங்கும். குறுக்கே முடிச்சுகள் போட்டால் அதே கயிறு தாங்கும். ரைபோபிளேவின், அதாவது வைட்டமின் பி2 சொட்டைக் கருவிழியில் ஊறவைத்து, அதன்மேல் புறஊதா ஒளியைக் காட்டினால் இழைகளுக்கு நடுவே அந்தக் குறுக்கு முடிச்சுகள் விழுகின்றன. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான முறை இது. நோயாளிகளுக்குச் செய்த முதல் முடிவுகள் 2003ல் வெளியாகின. அமெரிக்காவில் 2016ல் அனுமதி கிடைத்தது. மூல முறையில் மேல்தோலை எடுத்துவிட்டு அரை மணி நேரம் சொட்டு, அரை மணி நேரம் ஒளி. இப்போது ஒளி நேரத்தைக் குறைத்த முறைகளும் உண்டு. புறஊதா ஒளி உள்ளடுக்கைத் தாக்காமல் இருக்க, வழக்கமான முறைக்குக் குறைந்தது 400 மைக்ரான் தடிமன் வேண்டும். 'இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்' என்று தள்ளிப்போடுகிறவர்கள் இந்த எண்ணைத்தான் இழக்கிறார்கள்.

முதல் சில நாள் வலி, கூச்சம், கண்ணீர் எல்லாம் நீங்கள் அனுபவித்திருப்பீர்கள். அடுத்த சில மாதங்களுக்குக் கருவிழியில் லேசான பனிமூட்டம் இருப்பது சகஜம், மெல்லக் கலையும். சிலருக்கு வளைவு ஒன்றிரண்டு டயாப்டர் குறையவும் செய்யும். அது போனஸ், வாக்குறுதி இல்லை. ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் டோப்போகிராபி எடுத்து, உச்ச வளைவின் எண்ணைப் பழையதோடு ஒப்பிடுங்கள். ஏறவில்லை என்றால் உங்கள் கிராஸ்லிங்கிங் வெற்றி. மங்கலுக்கு லென்ஸ் பார்க்கலாம். அப்புறம், கிராஸ்லிங்கிங் ஆகிவிட்டது என்று திரும்பத் தேய்க்க ஆரம்பித்துவிடாதீர்கள்.

கெரட்டோகோனஸ் இருப்பவர் லேசிக் செய்துகொள்ளலாமா?

கூடாது. மெலிந்த கருவிழியை லேசரால் செதுக்கி இன்னும் மெலியச் செய்வது அது.

எனக்கு ஸ்கிளீரல் லென்ஸ் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போடவும் வரவில்லை, எடுக்கவும் வரவில்லை. போட்டால் உள்ளே குமிழி. நான்கு மணி நேரத்தில் புகை மூட்டம். பெட்டியில் தூக்கி வைத்துவிட்டேன். கண்ணாடியிலேயே காலத்தை ஓட்ட முடியாதா?

பெட்டியிலிருந்து எடுங்கள். கூம்பு கரடுமுரடானது, கண்ணாடி அதற்கு முன்னால் தள்ளி நிற்பதால் அந்த மேடு பள்ளத்தை நிரப்ப முடியாது. ஸ்கிளீரல் லென்ஸ் கருவிழியைத் தொடாமல், வெள்ளைவிழியில் உட்கார்ந்து, நடுவில் தண்ணீரைத் தேக்கிக்கொள்கிறது. அந்தத் தண்ணீர் மேடு பள்ளத்தை மூடிவிடுகிறது. ஒளிக்கு உங்கள் கூம்பு தெரியவே தெரியாது. இந்த யோசனை பழசு. 1888ல் அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மன் டாக்டர் கண்ணாடியில் இப்படிப் பெரிய லென்ஸ் செய்து, முயல்களுக்குப் போட்டுப் பார்த்து, பிறகு தன் கண்ணிலேயே போட்டுக்கொண்டார். கண்ணாடி வழியாக ஆக்சிஜன் போகாது என்பதால் அதிக நேரம் தாங்கவில்லை. உங்களிடம் இருப்பதில் ஆக்சிஜன் போகும்.

குமிழி வருவதற்குக் காரணம் அநேகமாக உங்கள் தலை. நீங்கள் சுவர்க் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு போடுகிறீர்கள், இல்லையா? அப்படிப் போட்டால் லென்ஸ் சாய்ந்து தண்ணீர் கொட்டிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடியை மேஜையில் படுக்க வையுங்கள். லென்ஸைக் கிண்ணம் போலப் பிடித்து, பதப்படுத்தும் ரசாயனம் கலக்காத சலைன் என்ற உப்புநீரை விளிம்புக்கு மேல் குமியும்வரை ஊற்றுங்கள். மூக்கு நேராகக் கீழே பார்க்கும்படி குனியுங்கள். இன்னொரு கையால் இரண்டு இமைகளையும் நன்றாக விரித்துப் பிடியுங்கள். மேல் இமையைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். இப்போது லென்ஸைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள், கண் அதைத் தேடிப் போக வேண்டாம். சலைன் கண்ணைத் தொடும்போது ஜில்லென்று இருக்கும், இமைக்கத் தோன்றும். அந்த ஒரு நொடியைத் தாண்டி மெல்ல அழுத்திவிட்டு, பிறகு இமைகளை விடுங்கள். நிமிர்ந்து பாருங்கள். பிறை மாதிரி ஒரு குமிழி தெரிந்தால் எடுத்துவிட்டு மறுபடி நிரப்புங்கள். குமிழியோடு ஓட்டக் கூடாது, அந்த இடம் காய்ந்து புண்ணாகும்.

எடுப்பதற்குச் சிறிய ரப்பர் உறிஞ்சி தந்திருப்பார்கள். அதை ஈரமாக்கி, லென்ஸின் நடுவில் வைக்காமல் கீழ் விளிம்புக்குப் பக்கத்தில் வையுங்கள். விளிம்பை முதலில் தூக்கினால் காற்று புகுந்து தானே வந்துவிடும். நடுவில் வைத்து இழுத்தால் கருவிழியும் சேர்ந்து வருகிற மாதிரி இருக்கும். அதற்கு முன்னால், லென்ஸ் கண்ணில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள். ஏற்கெனவே கழன்று விழுந்த லென்ஸைத் தேடி வெறும் கருவிழியில் ரப்பரை ஒட்டி இழுத்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

நான்கு மணி நேரப் புகை மூட்டத்துக்குக் காரணம், கண்ணீரின் கொழுப்பும் கசடும் லென்ஸுக்கு உள்ளே சேர்வது. மதியம் ஒரு தடவை எடுத்து, கழுவி, புது சலைன் ஊற்றிப் போடுங்கள். தினமும் வருகிறது என்றால் பொருத்தம் சரியில்லை என்று அர்த்தம். திரும்பப் போய் விளிம்பை மாற்றித் தரச் சொல்லுங்கள். இரண்டு, மூன்று தடவை மாற்றுவது இந்த லென்ஸில் சாதாரணம். குழாய்த் தண்ணீர் மட்டும் கிட்டேயே வரக் கூடாது. அதில் இருக்கக்கூடிய அகந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழிக்குள் புகுந்தால் மாதக்கணக்கில் வதைக்கும். லென்ஸோடு தூங்கவும் வேண்டாம்.

காலையில் எழுந்தபோது என் தம்பியின் (வயது 27, கெரட்டோகோனஸ்) கருவிழி நடுவில் வெள்ளையாக வீங்கிவிட்டது. வலி, கண்ணீர். கண் வெடித்துவிட்டதா?

வெடிக்கவில்லை. கருவிழியின் உள்பக்கச் சவ்வு இழுபட்டுக் கிழிந்து, கண்ணுக்குள் இருக்கும் நீர் கருவிழிக்குள் ஏறிவிட்டிருக்கலாம். ஹைட்ராப்ஸ் என்பார்கள். பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் கிழிசல் தானே மூடி வீக்கம் வடியும், ஒரு தழும்பு மிஞ்சும். ஆனால் கிருமி தாக்கிய புண்ணும் வெளிப்பார்வைக்கு வெள்ளையாகத்தான் இருக்கும். இரண்டையும் வீட்டில் பிரித்தறிய முடியாது. இதைப் படிக்கும்வரை டாக்டரிடம் போகவில்லை என்றால் இன்றே போங்கள். லென்ஸை மட்டும் போட வேண்டாம்.

அம்மாவுக்கு 66 வயது. காலையில் எழுந்தால் எல்லாம் மூடுபனி, மதியத்துக்குள் தெளிந்துவிடும். இதுவும் கெரட்டோகோனஸா?

இந்த வயதில் புதிதாக அது வருவது அரிது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஃபக்ஸ் டிஸ்ட்ரோபி மாதிரி இருக்கிறது. கருவிழியின் உள்பக்கத்தில் ஒற்றை அடுக்காக இருக்கும் செல்கள் நாள் முழுக்கத் தண்ணீரை வெளியே இறைக்கின்றன. இந்த நோயில் அவை செத்துக் குறைகின்றன, மறுபடி முளைப்பதில்லை. இரவெல்லாம் கண் மூடியிருப்பதால் ஈரம் ஆவியாகாமல் தேங்கி, காலையில் மங்கும். 5 சதவீத உப்புச் சொட்டு, காலையில் கை நீள தூரத்தில் பிடித்த ஹேர் டிரையரின் மெல்லிய காற்று, இரண்டும் சிலருக்கு உதவும். டாக்டர் உறுதி செய்த பிறகு செய்யுங்கள். புரை அறுவை சிகிச்சை ஏதாவது திட்டமிட்டிருந்தால் அதற்கு முன்பே இந்தக் காலை மங்கலைச் சொல்லிவிடுங்கள், மிக முக்கியம்.

எனக்கு 41 வயது. நடுவில் தழும்பு விழுந்துவிட்டது, லென்ஸும் நிற்கவில்லை. கருவிழி மாற்றச் சொல்கிறார்கள். கண்ணையே மாற்றிவிடுவார்களா? மாற்றினால் கண்ணாடி இல்லாமல் பார்ப்பேனா?

கண்ணை மாற்ற மாட்டார்கள். சட்டைப் பொத்தான் அளவுக்கு, எட்டு மில்லிமீட்டர் வாக்கில் ஒரு வட்டம், அவ்வளவுதான். 1905 டிசம்பரில் எட்வர்ட் ஸிர்ம் என்ற டாக்டர் ஒலமூட்ஸ் நகரில் சுண்ணாம்பு பட்டுப் பார்வை போன ஒரு கூலித் தொழிலாளிக்குச் செய்ததுதான் முதல் வெற்றி. உங்களுக்கு உள்ளடுக்கு நன்றாக இருந்தால், அதை அப்படியே விட்டுவிட்டு முன் அடுக்குகளை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். சொந்த உள்ளடுக்கு தங்குவதால் உடல் அதை நிராகரிக்கும் பயம் வெகுவாகக் குறையும்.

கண்ணாடி இல்லாமல் பார்ப்பீர்களா என்றால், அநேகமாக இல்லை. முடியைவிட மெல்லிய தையல்கள் ஒரு வருடமோ அதற்கு மேலோ இருக்கும். அவற்றைப் பிரிக்கப் பிரிக்கப் பவர் மாறிக்கொண்டே இருக்கும். கடைசியில் பலருக்கு லென்ஸ்தான். ஆனால் நிற்காத லென்ஸ் இனி நிற்கும். மாற்றிய பிறகு எத்தனை வருடம் ஆனாலும் சரி, கண் சிவப்பது, கூசுவது, மங்குவது, வலிப்பது, இதில் ஒன்று வந்தால்கூட அன்றே ஓடுங்கள். சீக்கிரம் போனால் நிராகரிப்பைச் சொட்டு மருந்திலேயே அடக்கிவிட முடிகிறது.

அடுத்த மாதம் முதல் தடவையாகக் கருவிழி நிபுணரைப் பார்க்கப் போகிறேன். என்ன கொண்டு போக வேண்டும்?

பழைய கண்ணாடிச் சீட்டுகள் எல்லாம், முடிந்தால் தேதி வாரியாக. பழைய டோப்போகிராபி இருந்தால் வெறும் ரிப்போர்ட் போதாது, வண்ணப் படத்தின் அச்சும் வேண்டும். நோய் ஏறுகிறதா, நிற்கிறதா என்று ஒரே நாள் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. லென்ஸ் போடுகிறவர் என்றால் எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். கடின லென்ஸ் கருவிழியை அழுத்தி வைத்திருக்கும். இரண்டு வாரமாவது விட்டால்தான் உண்மையான வடிவம் படத்தில் விழும். சீட்டைத் தொலைத்திருந்தால் பழைய கண்ணாடிகளையே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பவரை அதிலிருந்தே அளந்துகொள்வார்கள்.